புது வீல் உரசுகிறதா, அதிர்கிறதா? ஆஃப்செட், பேக்ஸ்பேசிங் வழியே காரணம் கண்டுபிடிக்கும் முறை

பிக்கப்புக்கோ பெரிய எஸ்.யூ.வி.க்கோ புது வீல் மாட்டியதும் கிளம்பும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை இரண்டே எண்களில் பிடித்துவிடலாம். பழைய வீலோடு ஒப்பிட்டால் புது வீலின் உள்விளிம்பு எத்தனை மி.மீ. நகர்ந்தது? வெளிவிளிம்பு எத்தனை மி.மீ. நகர்ந்தது? இவை தெரியாமல் ஸ்பேசர் (வீலுக்குப் பின்னால் வைத்து அதை வெளியே தள்ளும் தடித்த தட்டு) வாங்குவதும் ஃபெண்டரை (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) வெட்டுவதும் பணத்துக்கும் வண்டிக்கும் கேடு. அதனால் முதலில் அளவு, பிறகு அறிகுறி.

கணக்கு

வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (வண்டியில் வீலை மாட்டும் சுழலும் பகுதி) உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். மி.மீ.யில் சொல்வார்கள். அந்த முகம் நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ், பிரேக்கை நோக்கி உள்பக்கம் இருந்தால் மைனஸ். பிளஸ் கூடினால் வீல் வண்டிக்குள் போகும். குறைந்து மைனஸுக்குப் போனால் வெளியே வரும். வீலின் பின்புறத்தில் ET (இ.டி.) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும் எண் இதுதான்.

பேக்ஸ்பேசிங் அதே முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரை உள்ள தூரம். இதை அங்குலத்தில் சொல்வது வழக்கம். இரண்டையும் இணைக்கும் கணக்கு:

பேக்ஸ்பேசிங் = (வீல் அகலம் + 1) ÷ 2 + (ஆஃப்செட் ÷ 25.4)

அந்த 1 ஏன்? 9 அங்குல வீல் என்றால், டயரின் விளிம்பு உட்காரும் இரண்டு இடங்களுக்கு இடையில்தான் 9 அங்குலம். அதற்கு வெளியே பக்கத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் ரிம் உதடு இருக்கும். அதைச் சேர்க்க மறந்தால் விடை அரை அங்குலம் தவறிவிடும். உதட்டின் தடிமன் வீலுக்கு வீல் கொஞ்சம் மாறும் என்பதால், நேரில் அளந்த எண் கணக்கைவிட ஓரிரு மி.மீ. வேறுபட்டால் கவலை வேண்டாம்.

அளக்கும் விதம்: டயர் இல்லாத வீலை முகம் கீழே இருக்கும்படி ரப்பர் விரிப்பில் கவிழ்த்து வைக்கவும். உள்விளிம்பின் குறுக்கே நேரான இரும்புப் பட்டையை வைத்து, அதன் அடிப்பக்கத்திலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை அளக்கவும். டயர் மாட்டிய வீலில் பட்டை ரிம்மின் மேல் உட்காராது. டயரின் புடைப்பில் உட்காரும். அப்போது பட்டையிலிருந்து ரிம் உதடு வரை உள்ள இடைவெளியைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். இதைக் கழிக்காமல் எடுத்த பேக்ஸ்பேசிங் எண்ணை நம்பி வீல் வாங்கக் கூடாது.

இனி ஒப்பீடு. அகலங்களின் வித்தியாசத்தில் பாதியை மி.மீ.க்கு மாற்றுங்கள். அதோடு ஆஃப்செட் மாற்றத்தைக் கூட்டினால் உள்விளிம்பின் நகர்வு. கழித்தால் வெளிவிளிம்பின் நகர்வு.

பழையது 7.5 அங்குலம், +44. புதியது 9 அங்குலம், +18. அகல வித்தியாசம் 1.5 அங்குலம், அதில் பாதி 19 மி.மீ. ஆஃப்செட் மாற்றம் −26. உள்விளிம்பு 19 − 26 = −7, அதாவது சஸ்பென்ஷனை விட்டு 7 மி.மீ. விலகியிருக்கிறது. வெளிவிளிம்பு 19 + 26 = 45 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. அதே 9 அங்குல வீல் −12 ஆஃப்செட்டில் வந்தால், உள்ளே 37 மி.மீ. இடம் கிடைக்கும், ஆனால் வெளியே 75 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும்.

“பழைய வீலும் +44, புதுசும் +44, அப்படியே பொருந்தும்” என்று நினைப்பதுதான் அதிகம் பார்க்கிற தவறு. 7.5-லிருந்து 9 அங்குலத்துக்குப் போனால், ஆஃப்செட் மாறாவிட்டாலும் உள்ளே 19, வெளியே 19 மி.மீ. கூடிவிடும். அகலத்தைச் சொல்லாமல் ஆஃப்செட்டை மட்டும் சொன்னால் எதையும் முடிவு செய்ய முடியாது.

டயரையும் சேர்க்க வேண்டும். 265/70 ஆர்17-இலிருந்து (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் விட்டம் 17 அங்குலம்) 285/70 ஆர்17-க்குப் போனால் பக்கத்துக்கு 10 மி.மீ. அகலமும், ஆரத்தில் 14 மி.மீ. உயரமும் கூடும். ரிம் அகலமானால் அதே டயரின் பக்கச்சுவர் இன்னும் கொஞ்சம் விரியும்: அரை அங்குல ரிம் அகலத்துக்கு மொத்தம் ஏறக்குறைய 5 மி.மீ.

வீல் ஹப்பில் முழுமையாக உட்காரவில்லை, மாட்டும்போதே ஆடுகிறது

இது இருந்தால் வண்டியை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். முதலில் துளை வட்டத்தைப் பாருங்கள்: நட்டுத் துளைகளின் எண்ணிக்கை × அவை அமைந்த வட்டத்தின் விட்டம் (மி.மீ.). 8×165.1, 8×170 இரண்டுக்கும் 4.9 மி.மீ.தான் வித்தியாசம், கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். நட்டால் இழுத்துப் பொருத்தினால் ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டியிருக்கும், நட்டு ஏறும் இழைக்கம்பி) வளையும். 6×135, 6×139.7 கதையும் இதேதான்.

வட்டம் சரியாக இருந்தால் நடுத்துளையைப் பாருங்கள். 6×139.7 என்ற ஒரே துளை வட்டத்தில், டொயோட்டா ஹைலக்ஸ் வகை ஹப்பின் விட்டம் 106.1 மி.மீ., செவர்லே 1500 வகை ஹப்பின் விட்டம் 78.1 மி.மீ. செவர்லேவுக்கென்றே துளையிட்ட வீல் டொயோட்டா ஹப்பில் நுழையாது. நடுத்துளையைக் கடைந்து பெரிதாக்கலாம் என்று யாராவது சொன்னால், உட்காரும் முகத்தில் எவ்வளவு உலோகம் மிஞ்சும் என்று கேளுங்கள். வேறு வீல் தேடுவதே சரி.

இரண்டும் சரி, இருந்தும் ஆடுகிறது என்றால் ஹப் முகத்தில் துரு, பழைய பெயிண்ட், தொழிற்சாலையில் ஸ்டட்டில் மாட்டிய மெல்லிய தகடு வளையம், டிஸ்கைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலை ஆகியவற்றைத் தேடுங்கள். போல்ட் போட்டுப் பொருத்தும் ஸ்பேசர் இருந்தால், வண்டியின் சொந்த ஸ்டட் ஸ்பேசரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கலாம். வீலின் பின்புறத்தில் அதற்குக் குழி இல்லையென்றால் வீல் ஸ்டட் நுனியில்தான் நிற்கும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் முகத்தோடு முகம் சேராது.

கேலிப்பரில் தட்டுகிறது

ஆஃப்செட் எண் சரியாக இருந்தும் இது நடக்கும், ஏனென்றால் கேலிப்பருக்கு (டிஸ்கைக் கவ்வும் பிரேக் பாகம்) இடம் கொடுப்பது ஸ்போக்கின் பின்புற வளைவு. ஒரே அகலம், ஒரே ஆஃப்செட் கொண்ட இரண்டு வடிவங்களில் ஒன்று தட்டும், மற்றது தட்டாது. கேலிப்பரின் முகத்திலும் மேல்முதுகிலும் களிமண் பசையை அப்பி, டயர் இல்லாத வீலை மாட்டி, எல்லா நட்டையும் பிடித்துக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். பிறகு கழற்றிப் பசை மிச்சமிருக்கும் தடிமனை அளங்கள். 3 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த வீல் வேண்டாம். ரிம்மின் உள்சுவரில் ஒட்டும் பாலன்ஸ் எடைக்கும் இடம் வேண்டும் என்பது பலருக்கு நினைவு வருவதே எடை பிய்ந்து விழுந்த பிறகுதான்.

முகத்தில் தட்டினால் ஆஃப்செட் குறைந்த வீலோ ஸ்பேசரோ உதவும். முதுகில் தட்டினால் இரண்டுமே பெரும்பாலும் உதவாது. ரிம் விட்டம் போதவில்லை என்று பொருள்.

உள்பக்கம் உரசுகிறது

டயரின் உள்சுவரைத் தடவிப் பாருங்கள். பளபளவென்று ஒரு வளையம் இருக்கும். எதில் உரசுகிறது என்று தெரியாவிட்டால் மேல் கண்ட்ரோல் ஆர்ம், ஸ்டெபிலைசர் பார், சேஸிஸ் மூன்றிலும் சாக்பீஸ் பூசி ஓட்டிப் பாருங்கள். அழிந்த இடமே விடை.

ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே உரசினால் சந்தேகம் மேல் பால் ஜாயிண்ட், நக்கிள் (ஹப்பைத் தாங்கித் திரும்பும் பாகம்), ஷாக்கின் ஸ்பிரிங் தட்டு ஆகியவற்றின் மேல். கடைசிவரை ஒடித்தால் மட்டும் உரசினால் சேஸிஸ், ஸ்டெபிலைசர் பார், கீழ் ஆர்ம். முதல் வகையை விடவே கூடாது. ஓடும் நேரமெல்லாம் பக்கச்சுவர் தேய்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவது வகை லேசாக இருந்தால், ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட் உள்ள வண்டிகளில் அதைச் சற்று வெளியே திருகி ஒடிப்பைக் குறைக்கலாம். திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

காரணம் பெரும்பாலும் பேக்ஸ்பேசிங் அதிகம் என்பதே. அகலமான வீலைப் பழைய ஆஃப்செட்டிலேயே எடுத்திருப்பார்கள். சரியான தீர்வு ஆஃப்செட் குறைந்த வீல். 9 அங்குல வீலில் பேக்ஸ்பேசிங் 6.7 அங்குலத்திலிருந்து (+44) 5.7 அங்குலத்துக்கு (+18) வந்தாலே ஓர் அங்குலம் இடம் கிடைக்கும். டயருக்கும் சஸ்பென்ஷன் பாகத்துக்கும் இடையே நிற்கும்போது 10 மி.மீ.யாவது விட்டுவையுங்கள். வளைவில் டயர் பக்கவாட்டில் நெளியும். ஆர்ம்களின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ்களும் கொஞ்சம் இடம் கொடுக்கும்.

ஸ்பேசர்தான் போடப் போகிறீர்கள் என்றால் அதன் தடிமனை ஆஃப்செட்டிலிருந்து அப்படியே கழியுங்கள்: +44 வீலுக்கு 25 மி.மீ. ஸ்பேசர் போட்டால் அது +19 வீல் போல நடந்துகொள்ளும். மெல்லிய தட்டு ஸ்பேசர் ஸ்டட்டின் இழையைத் தின்னும். நட்டு பிடிக்க வேண்டிய குறைந்தபட்ச நீளம் ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமம். எம்14×1.5 (விட்டம் 14, இழைக்கு இழை 1.5 மி.மீ.) ஸ்டட்டுக்கு 14 மி.மீ., அதாவது ஒன்பதரைச் சுற்று. எம்12×1.5 ஸ்டட்டுக்கு எட்டுச் சுற்று. அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 இழை உள்ள ஸ்டட்டுக்குப் பத்துச் சுற்று. நட்டைக் கையால் எண்ணிக்கொண்டே திருப்பினால் தெரிந்துவிடும். எண்ணிக்கை குறைந்தால் நீள ஸ்டட் மாற்றும் வரை அந்த ஸ்பேசரோடு சாலையில் இறங்கக் கூடாது.

ஒடித்தால் வெளிப்பக்கம், பம்பர் மூலை, கேபின் மவுண்ட் உரசுகிறது

கேபின் மவுண்ட் என்பது சேஸிஸில் கேபினைத் தாங்கும் பிடிப்பு. “லிஃப்ட் கிட் போட்டேன், இன்னும் உரசுகிறது” என்ற புலம்பல் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. உயரத்தைக் கூட்டினால் ஃபெண்டரின் மேல்பக்கம் இடம் கிடைக்கும். டயர் திரும்பும் வட்டம் சிறிதாகாது. பால் ஜாயிண்டுகள் வழியே போகும் திருப்பு அச்சைச் சுற்றித்தான் சக்கரம் திரும்புகிறது. ஆஃப்செட்டைக் குறைக்கக் குறைக்கச் சக்கரம் அந்த அச்சை விட்டு விலகும். வீசும் வட்டம் விரியும்.

எவ்வளவு என்று கணக்கிடலாம். ஒடிப்புக் கோணம் 35 பாகை என்றால், ஆஃப்செட்டில் குறைத்த ஒவ்வொரு மி.மீ.க்கும் சக்கரம் 0.57 மி.மீ. முன்னாலோ பின்னாலோ போகும். 26 மி.மீ. குறைத்தால் சுமார் 15 மி.மீ. எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கச் சக்கரம் பின்னால் போகும், எதிர்ப்பக்கச் சக்கரம் முன்னால் போகும். இடப்பக்கம் ஒடிக்கும்போது இடது சக்கரம் கேபின் மவுண்டில் தட்டுவது இதனால்தான்.

முன்னே போகும்போது பிரேக் பிடித்தால் புஷ்கள் நெளிந்து சக்கரம் இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளப்படும். ரிவர்ஸில் பிரேக் பிடித்தால் முன்னால் வரும். அதனால் சோதனை ஓட்டத்தில் இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தி, பிரேக் பிடித்துப் பார்க்க வேண்டும். நிற்கும் வண்டியில் ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு உரசவில்லை என்று சொல்வது போதாது.

தீர்வை இந்த வரிசையில் முயலுங்கள். ஃபெண்டர் உட்புற பிளாஸ்டிக்கை வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் இளக்கி, பின்னால் அழுத்தி ஸ்க்ரூ வைத்துப் பிடிப்பது முதல் படி. அலைன்மென்டின்போது, அனுமதித்த வரம்புக்குள் கீழ் ஆர்மைச் சில மி.மீ. முன்னால் தள்ளி காஸ்டரை (பக்கவாட்டில் பார்த்தால் திருப்பு அச்சு பின்னால் சாயும் கோணம்) கூட்டச் சொல்வது அடுத்தது. பின்பக்க இடைவெளி கூடும், ஆனால் முன்பக்க பம்பர் மூலையை மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் தட்டினால் ஆஃப்செட் அதிகமான வீல். மவுண்டையோ தகடுகள் வெல்டாகிச் சேரும் மடிப்பையோ வெட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய இடத்தைத் திரும்ப வெல்டு செய்து மூடி, துருத் தடுப்பு பூச வேண்டும்.

பாரம் ஏற்றினால், பள்ளத்தில் இறங்கினால் மட்டும் உரசுகிறது

பின்பக்கம் ஒரே ஆக்ஸில் உள்ள வண்டியில் பார்ப்பது எளிது. ஆக்ஸிலுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் (சஸ்பென்ஷன் மேலே வருவதைக் கடைசியில் தடுக்கும் ரப்பர்) இடையே உள்ள தூரத்தை அளந்து, ரப்பர் நசுங்கும் அளவையும் சேருங்கள். டயருக்கு மேலே உள்ள இடைவெளி அதைவிடக் குறைவு என்றால் ஒருநாள் தட்டியே தீரும். முன் சஸ்பென்ஷனில் இந்த நேரடி ஒப்பீடு செல்லாது. அங்கே ரப்பர் ஆர்மின் நடுவில் இருக்கும். சக்கரம் ஆர்மின் நுனியில் இருப்பதால் ரப்பர் காட்டும் தூரத்தைவிட அதிகம் மேலே வரும்.

ஒரு முன்சக்கரத்தை உறுதியான சாய்வுமேடையில் ஏற்றி நிறுத்துங்கள். அந்தச் சக்கரமும், குறுக்கே எதிரிலுள்ள பின்சக்கரமும் அமுங்கும். அந்த நிலையிலேயே ஒடித்துப் பாருங்கள். முன்பக்கம் தனித்தனி ஆர்ம் உள்ள வண்டியில் அமுங்கும்போது டயரின் மேல்பகுதி உள்ளே சாய்வது வழக்கம். அதனால் நிற்கும்போது வெளியே தெரியும் டயர்கூட ஃபெண்டருக்குள் நழுவலாம். ஒரே ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் சேர்ந்து அமுங்கினால் டயர் நேராக மேலே வரும், ஃபெண்டர் உதட்டில்தான் வெட்டு விழும்.

பம்ப் ஸ்டாப் உயரத்தைக் கூட்டினால் உரசல் நிற்கும். சஸ்பென்ஷன் ஓடும் தூரம் அதே அளவு குறையும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள்.

அதிர்வு

ஆஃப்செட் தானாக அதிர்வை உண்டாக்காது. சிறிய பாலன்ஸ் குறையைக்கூட ஸ்டீயரிங்கில் உரக்கச் சொல்ல வைக்கும், அவ்வளவே. பாலன்ஸ் சரியாக இருந்தும் அதிர்ந்தால் நடுத்துளைதான் முதல் சந்தேகம். 106.1 மி.மீ. துளையுள்ள வீலை 78.1 மி.மீ. ஹப்பில் மாட்டினால் சுற்றிலும் 14 மி.மீ. காலி. வெளிவிட்டம் 106.1, உள்விட்டம் 78.1 மி.மீ. உள்ள வளையம் போட்டால் மாட்டும்போது நடுவுக்கு வந்து உட்காரும். வளையம் பாரத்தைத் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது நட்டு இறுக்கத்தில் முகமும் முகமும் கவ்விக்கொள்வதுதான்.

அடுத்து நட்டு. டொயோட்டா அலாய் வீல்களில் வரும் வாஷர் வைத்த தட்டை நட்டை, 60 பாகைக் கூம்புத் துளையுள்ள வெளிக் கம்பெனி வீலில் போடக் கூடாது. உருண்டை உட்காரும் நட்டையும் கூம்புத் துளையில் போடக் கூடாது. இரண்டிலும் தொடும் பரப்பு ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும்.

ஸ்டீயரிங் உதைக்கிறது, கனக்கிறது, பிரேக்கில் இழுக்கிறது

திருப்பு அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் நடுவுக்கும் இடையே உள்ள தூரம்தான் இங்கே காரணம். ஆஃப்செட்டை 26 மி.மீ. குறைத்தால் டயரின் நடு 26 மி.மீ. வெளியே போகும். பெரிய டயர் ஹப்பை உயர்த்துவதால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்: அச்சின் சாய்வு 12 பாகை, ஆரம் 14 மி.மீ. கூடுதல் என்றால் 3 மி.மீ. மட்டுமே. மீதியெல்லாம் கையில் உதையாக வரும். ஒரு சக்கரம் சேற்றிலும் மற்றது தாரிலும் இருக்கும்போது பிரேக் பிடித்தால் இழுப்பு நன்றாகத் தெரியும். வீல் பேரிங்குக்கும் பால் ஜாயிண்டுக்கும் வளைக்கும் விசை கூடும். தேய்மானம் சீக்கிரம் வரும்.

பிரேக் தொடாமலே நேர்ச்சாலையில் எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் ஆஃப்செட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம். காற்றழுத்தம் பாருங்கள், முன் டயர்களை இடம் வலம் மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான், மாறாவிட்டால் அலைன்மென்ட். நான்கு வீலிலும் பொறித்த ஆஃப்செட் எண் ஒன்றுதானா என்றும் பாருங்கள். பெட்டி மாறி வந்த வீல் ஒன்று கலந்திருக்கலாம்.

நட்டு தளர்கிறது

டார்க் ரென்ச்சில் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வண்டிக் கையேட்டு அளவுக்கு, நட்சத்திர வரிசையில், மூன்று தவணையாக இறுக்குங்கள். 80 முதல் 160 கி.மீ. ஓடியபின் மறுபடி பாருங்கள். போல்ட் ஸ்பேசர் இருந்தால் உள்ளே இருக்கும் நட்டுகளையும் வீலைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மறுபடி மறுபடி தளர்ந்தால் உட்காரும் முகத்தில் பெயிண்ட், தவறான நட்டு, போதாத இழை மூன்றில் ஒன்று. வீலில் பொறித்த பாரத் திறனையும் பாருங்கள். அந்த ஆக்ஸிலுக்கு அனுமதித்த எடையில் பாதியாவது ஒவ்வொரு வீலும் தாங்க வேண்டும்.

பின்னால் இரட்டைச் சக்கரம்: நடுவே டயர்கள் ஒன்றையொன்று தொடுகின்றன

இரட்டைச் சக்கரத்தில் இரண்டு வீல்களும் முகத்தோடு முகம் வைத்து மாட்டப்படுவதால், டயர் நடுவுக்கும் டயர் நடுவுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு வீலின் ஆஃப்செட்டைப் போல இரண்டு மடங்கு. ஆஃப்செட்டில் 5 மி.மீ. குறைந்த வீல் வந்தால் நடுவே 10 மி.மீ. போய்விடும். வெறும் வண்டியில் தொடாத டயர்கள், பாரத்தில் அடிப்பகுதி புடைத்ததும் தொடும். எதிரெதிர் பக்கச்சுவர்கள் பளபளத்து, ஓடி நின்றதும் அதிகச் சூடாக இருப்பது அடையாளம். டயர் தயாரிப்பாளர் அந்த அளவுக்குக் கொடுத்திருக்கும் குறைந்தபட்ச இடைத்தூரத்தைப் பார்த்து, அதில் பாதிக்குக் குறையாத ஆஃப்செட் உள்ள வீலை எடுங்கள். பாரம் ஏற்றிய நிலையில், தரையை ஒட்டிய புடைப்பில்தான் இடைவெளியை அளக்க வேண்டும். டயரில் சங்கிலி கட்டி ஓட்ட வேண்டிய சாலை என்றால் அதன் தடிமனையும் சேர்த்து.